சொன்னது, பார்த்தது

ரூபி, சாமு, சண்டையை நிறுத்திவிட்டு ரெண்டு பேரும் இதைப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் வராததுமாக ஒரு கலாட்டா செய்தீர்களே, ஏழு வயசில் யார் உயரம் என்று? "உன் வயசுல நான் உன்னைவிட உயரம்" என்று ரூபி சொல்ல, "பொய்யி" என்று சாமு தரையில் உருண்டான். ஆல்பத்தை எடுத்தீர்கள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சமையலறைச் சுவரோரம் உங்களை நிற்கவைத்து, அளவு டேப் பிடித்து நான் எடுத்த படங்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் நீங்கள் இருக்கிறீர்கள், டேப் இருக்கிறது. எண் இருக்க வேண்டிய இடத்தில் என் கட்டை விரல் இருக்கிறது.

"என்னப்பா இது, ஒரு படத்துலகூட ஆதாரம் இல்லையே" என்றாள் ரூபி.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஒருவரின் நினைவு வந்துவிட்டது. நாம் ஐந்து பேரும், உங்கள் ஆயாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இன்றைக்கும் மண்ணூரில் ஒரே வீட்டில் இருப்பதற்கு அவரும் ஒரு காரணம். அவர் பெயரை எழுதப்போவதில்லை. கேட்காமல் எழுதினால், "என் ஒப்புதல் எங்கன இருக்கு அண்ணாச்சி?" என்று எங்கிருந்தாவது வந்து நிற்பார். நாங்கள் 'மேடம்' என்றுதான் கூப்பிட்டோம். முதுகுக்குப் பின்னால் 'ஆதாரம் மேடம்'.

அப்போது ரூபி ரெண்டாம் வகுப்பு. சாமு தவழ்ந்துகொண்டிருந்தான். வல்லம் வடகாலில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனிக்குத் தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்தோம். நான் பைப் வேலைக்கு ஃபோர்மேன். ஒருநாள் காலையில் மேனேஜர் எங்கள் இருபது ஃபோர்மேன்களையும் கூப்பிட்டு, இனிமேல் வேலையெல்லாம் 'பிம்' முறையில்தான் என்றார்.

பிம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். கட்டடத்தை மண்ணில் கட்டுவதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் ஒருமுறை முழுசாகக் கட்டிப்பார்த்துவிடுவது. சுவர், தூண், பைப், கேபிள் எல்லாம் உள்ளே இருக்கும். ஒரு பைப்பைத் தொட்டால் அதன் கனம், நீளம், யார் செய்தது, எப்போது மாட்டுவது என்று எல்லாம் சொல்லும். பைப்பும் கேபிளும் ஒன்றையொன்று முட்டினால் சிவப்பாகக் காட்டும். அதற்கு மாடல் என்று பெயர். மாடலில் இருப்பதுபோலத்தான் வெளியிலும் கட்டியிருக்கிறோமா என்று பார்த்துச் சொல்வது ஃபோர்மேன் வேலை.

"அஞ்சு வாரம் பயிற்சி. கடைசியில சர்டிஃபிகேட். அது இல்லாத ஆளை இந்த சைட்ல வெச்சுக்க முடியாது, கம்பெனிக்காரங்க கண்டிஷன். ஃபெயிலானா ஒடிசா சைட்டுக்குப் போகணும்" என்றார் மேனேஜர்.

ஒடிசாவுக்குப் போனால் வருஷத்துக்கு ரெண்டு முறைதான் வீட்டுக்கு வரலாம். அன்றைக்கு உங்கம்மாவிடம் சொன்னேன். அவள் சாமுவைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பயிற்சி நடந்தது சைட்டிலிருந்த கன்டெய்னர் ஆபீஸில். ஏசியிலிருந்து ஒரு வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சொல்லித்தர வருபவர் தாடியும் தொப்பையுமாக இருப்பார் என்று நினைத்தோம். இருபத்தாறு வயசிருக்கும் ஒரு பெண் வந்தார். தலையில் இருந்த மஞ்சள் ஹெல்மெட் புருவத்தை மறைத்தது. கையில் ஒரு டேப்லெட். திருநெல்வேலிப் பக்கம். எங்களில் பாதிப் பேருக்கு அவருடைய அப்பாவின் வயசு.

முதல் நாள் எல்லோரையும் பெயரும் அனுபவமும் சொல்லச் சொன்னார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பதினேழு வருஷம் மேடம்" என்றேன்.

"படம் இருக்கா அண்ணாச்சி?"

"எதுக்கு மேடம் படம்?"

"பதினேழு வருஷத்துக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வெள்ளைப் பலகையில் என் பெயரை எழுதி, பக்கத்தில் 'அனுபவம்: பதினேழு வருஷம்' என்று எழுதி, அதற்கும் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'சொன்னது' என்று எழுதினார். இருபது பேருக்கும் அப்படியே. இருபது 'சொன்னது'. பலகையைப் பார்த்தால், இருபது புளுகர்களைப் பிடித்து வரிசையாக நிற்கவைத்ததுபோல இருந்தது.

"உலகத்துல ரெண்டுதான் அண்ணாச்சி. ஒண்ணு சொன்னது. இன்னொண்ணு பார்த்தது. சொன்னதை வச்சிக் கட்டுனா செவரு கோணலாப் போவும்."

அவருடைய மொத்தப் பாடமும் இதுதான். மற்றதெல்லாம் எந்த பட்டனை அழுத்துவது என்பது.

இந்தக் குணம் அவருக்கு வேலையில் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். டீக்கடைக்காரர் "சக்கரை கம்மியாத்தான் போட்டேம்மா" என்றால், "போடும்போது நான் பாக்கலையே" என்று வேறொரு டீ போடச் சொல்லி, ஸ்பூனையே பார்த்துக்கொண்டு நிற்பார். மத்தியானச் சாப்பாட்டு டப்பாவில் துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். 'எலுமிச்சைச் சாதம், ரெவிஷன் 2.' ரெவிஷன் 1 என்னவாயிற்று என்று கேட்டோம். "கருகிட்டு. படம் இருக்கு, பாக்கியளா?" என்றார். பார்த்தோம். கருகித்தான் இருந்தது.

ஒரகடத்தில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் தங்கியிருந்தார். அங்கே சாம்பாரில் காயே கிடையாதாம். மற்றப் பெண்கள் சண்டை போட்டார்கள். இவர் சண்டை போடவில்லை. தினமும் கரண்டியை விட்டுத் துழாவி, சாம்பாரைப் படமெடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொண்டார். பதினாறு நாள் சாம்பார். பதினேழாம் நாள் ஹாஸ்டல் ஓனர் இவர் வேலை செய்கிற நேரத்தில் ஃபோன் செய்து, "அம்மாடி, இன்னைக்கு முருங்கக்கா போட்டுகீறேன். சீக்கிரம் வந்து ஃபோட்டோ எடுத்துக்கோ, மத்த பொண்ணுங்க எடுத்துத் துன்னுறப் போறாங்க" என்றாராம். இதை அவர் எங்களிடம் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. படத்தைக் காட்டினார். முருங்கைக்காய் ரெண்டு துண்டு, சிவப்பு வட்டம் போட்டு.

எங்கள் கூட்டத்தில் முனுசாமி என்று ஒருவன். கேபிள் வேலை ஃபோர்மேன். வல்லம் வடகால்தான் சொந்த ஊர். அவன் தாத்தா நெல் நட்ட இடத்தில்தான் இப்போது நாங்கள் தூண் நட்டுக்கொண்டிருந்தோம். என் சிநேகிதன், நல்லவன், ஆனால் எதையும் குறுக்கு வழியில் முடிக்கப் பார்ப்பான். ஒருநாள் வகுப்புக்கு அரைமணி நேரம் தாமதமாக வந்தான்.

"இன்னா பண்றது மேடம். கேட்டாண்ட நாயி தொரத்திகினே வந்துச்சு. சுத்திகினு வரேன்."

மேடம் வருகைப் பதிவில் அவன் பெயருக்கு நேரே ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தோம். 'நாய் (சொன்னது).'

முனுசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் அந்த நாயையே பிஸ்கட் போட்டுக் கூட்டிவந்துவிட்டான். காது ஒன்று மடங்கிய செவலை நாய். "இதான் மேடம். இன்னா, இப்ப நம்புறீங்களா?"

மேடம் நாயை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நேற்றைய பக்கத்தைத் திருப்பி, 'சொன்னது' என்பதை அடித்து 'பார்த்தது' என்று எழுதினார். பிறகு, "தொரத்துனது இன்னும் சொன்னதுதான், அண்ணே. நாய் இருக்குங்கது மட்டும்தான் பாத்தாச்சு" என்றார். ஏசிக்குக் கீழே குளிர்ச்சியாக இருந்ததால் நாய் அங்கேயே படுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வகுப்புக்கும் அது தவறவில்லை. எங்கள் இருபது பேரில் அப்படி வந்தவர்கள் நாலு பேர்தான்.

இப்போது என் கட்டை விரலுக்கு வருகிறேன்.

பயிற்சியின் கடைசிப் பகுதி இது. ஒவ்வொருவரும் சைட்டில் மாடலோடு ஒத்துப்போகாத பதினோரு இடங்களைக் கண்டுபிடித்து, அளந்து, ஆதாரப் படத்தோடு கொடுக்க வேண்டும். படத்தில் இடம் தெரிய வேண்டும், டேப் தெரிய வேண்டும், எண் தெரிய வேண்டும். இருபது பேருக்கும் சேர்த்து ஒரே டேப்லெட். அதற்குள் ஆளுக்கொரு ஃபோல்டர். யாருடைய ஃபோல்டரை யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

கண்டுபிடிப்பது எனக்கு ஒரு விஷயமே இல்லை. பம்ப் ரூம் சுவரில் பைப் போவதற்கு விட்ட ஓட்டை மாடலில் இருப்பதைவிட ஒரு ஜாண் கீழே இருந்தது. அப்படியே பைப்பை விட்டிருந்தால் நேராகப் போய் முனுசாமியின் கேபிளில் முட்டியிருக்கும். கண்ணால் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. டேப் பிடித்தேன், படமெடுத்தேன், பெருமையோடு காட்டினேன்.

மேடம் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"அளவு எங்கன, அண்ணாச்சி?"

"அங்கதான் மேடம் கீது, விரலுக்குக் கீழ."

"விரலுக்குக் கீழ இருக்குன்னு நீங்க சொல்லுதிய. எனக்கு நகந்தானே தெரியுது."

என் இடது கட்டை விரலை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இரும்பு வளையம் விழுந்து நகம் ரெண்டாகப் பிளந்து, நடுவில் வாய்க்கால் வெட்டினதுபோல வளர்ந்துவிட்டது. டேப்பைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும்போது அந்த விரல் சரியாக எண்ணின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். பதினேழு வருஷப் பழக்கம். நான் விரலை எடுத்துப் பார்த்துப் படித்துக்கொள்வேன், அப்புறம் மறுபடி அழுத்திக்கொள்வேன். படம் எடுக்கிற வேலை வரும் என்று யார் கண்டது?

மறுநாள் வேறொரு இடம். மறுபடி நகம். அதற்கு மறுநாளும் நகம். பதினோரு நாள், நாளுக்கு ஒரு இடமாகப் பதினோரு இடம். ஷிஃப்ட் முடிந்ததும் போய் எடுத்துவருவேன். இன்றைக்கு விரலைத் தள்ளித்தான் வைப்பேன் என்று சத்தியம் பண்ணிக்கொண்டு போவேன். வந்து பார்த்தால் அழகாக எண்ணின்மேல் உட்கார்ந்திருக்கும். மேடம் கோபப்படவே மாட்டார். "நிராகரிக்கேன், அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு விரலால் ஒரு தட்டு தட்டுவார், படம் எங்கோ போய்விடும். பதினோராம் நாள், "உங்க நகத்தை எனக்கு இப்ப நல்லாப் பழக்கமாயிட்டு" என்றார்.

வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். ரூபி, நீ என் பக்கத்தில் வந்து, "ஒடிசால ரெண்டாங் கிளாஸ் இருக்காப்பா?" என்று கேட்டாய். உனக்கு நினைவிருக்காது. நீயும் கூட வரப்போகிறாய் என்று நினைத்துவிட்டாய் போல.

உங்கம்மா சமையலறையிலிருந்து, "அந்த டேப்பை சுவத்துல ஒட்டித் தொலைக்க வேண்டியதுதானே? அதுக்கு எதுக்கு விரலு?" என்றாள்.

பதினேழு வருஷத்தில் எனக்கு இது தோன்றவேயில்லை.

மறுநாள் ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப் வாங்கிக்கொண்டு போய், அளவு டேப்பைச் சுவரில் ஒட்டிவிட்டு, ரெண்டு கையாலும் டேப்லெட்டைப் பிடித்துப் பதினோரு இடத்தையும் ஒரே நாளில் எடுத்து முடித்தேன். எண்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. என் ஃபோல்டரில் போட்டுவைத்தேன். காலையில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுச் சமர்ப்பிக்கலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

காலையில் சமர்ப்பித்தேன். மத்தியானம் சென்னை ஆபீஸிலிருந்து ஆடிட்டர் ஒருவர் வந்தார். நெற்றியில் சுருக்கம் விழுந்தே பிறந்தவர்போல இருப்பார். எல்லோரையும் கன்டெய்னரில் உட்காரவைத்தார். என்னையும் முனுசாமியையும் மட்டும் எழுந்து நிற்கச் சொன்னார்.

"ரெண்டு பேரோட பதினோரு படமும் ஒண்ணுதான். ஒரு புள்ளி மாறலை. முனுசாமி நேத்து சாயந்திரம் கொடுத்திருக்கார். நீங்க இன்னைக்குக் காலைல. யாரு எடுத்தது?"

"நான்தான் சார்" என்றேன்.

முனுசாமி தரையைப் பார்த்தபடி, "நான்தான் சார்" என்றான்.

ஆடிட்டர் சிரித்தார். "அப்ப ரெண்டு பேரும் ஃபெயில். ரெண்டு பேரும் ஒடிசா."

முனுசாமியை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவன் முகத்தைப் பார்த்தால் அடிக்கவும் தோன்றவில்லை. நான் மேடத்தைப் பார்த்து, "மேடம், நீங்களாவது சொல்லுங்க. நான் பொய் சொல்ற ஆளா?" என்றேன்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எழுத முடியாது. ஐந்து வாரம் தினமும் முகத்தைப் பார்த்தவர். நம்ம ஜனம் யாராக இருந்தாலும் "சே சே, அவர் அப்படிப்பட்டவர் இல்லை சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். இவரோ டேப்லெட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு நிமிஷம். நிராகரிச்ச படத்தைப் பாக்கியளா?"

"தள்ளுபடி பண்ணினதை எதுக்கு வெச்சிருக்கீங்க?"

"நான் எதையும் அழிக்க மாட்டேன், சார். வேண்டாம்னு சொன்னதும் ஆதாரந்தானே?"

'நிராகரித்தவை' என்று ஒரு ஃபோல்டர். திறந்து சுவரில் பெரிதாகக் காட்டினார். முதல் படம், பம்ப் ரூம் ஓட்டை, டேப், அதன்மேல் என் கட்டை விரல். ரெண்டாவது, கட்டை விரல். மூன்றாவது, கட்டை விரல். வாய்க்கால் வெட்டின அந்த நகம் சுவர் முழுக்க, கதவு உயரத்துக்கு. நாய்கூட எழுந்து பார்த்தது.

"அதே பதினோரு இடம் சார். நாளுக்கு ஒண்ணு, பதினோரு தேதி. முனுசாமி அண்ணன் குடுத்த படத்துக்கெல்லாம் முந்துனது."

ஆடிட்டரும் லேசுப்பட்டவர் இல்லை. "ஒரே டேப்லெட்ல யார் வேணா எடுத்திருக்கலாம். இந்த விரல் இவரோடதுன்னு என்ன ஆதாரம்?"

மேடத்தின் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு சந்தோஷத்தைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல, "நல்ல கேள்வி, சார்" என்றார். "எல்லாரும் இடது கையை மேசையில வைங்க."

இருபது ஃபோர்மேன்கள் வரிசையாக இடது கட்டை விரலை மேசைமேல் வைத்தோம். பெயிண்ட் ஒட்டின விரல், வெற்றிலைச் சுண்ணாம்பு விரல், மோதிரம் போட்ட விரல். மேடம் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, படமெடுத்து, பெயர் போட்டுக்கொண்டே வந்தார். இருபதும் முடிந்ததும் ஆடிட்டர் பக்கம் திரும்பி, "சார், உங்களதும்" என்றார்.

"என்னோடது எதுக்கும்மா?"

"நீங்க எடுக்கலைன்னு நீங்கதானே சொல்லுதிய?"

ஆடிட்டர் எங்களைப் பார்த்தார். நாங்கள் கூரையைப் பார்த்தோம். கடைசியில் அவரும் விரலை வைத்தார். அது நல்ல வழவழப்பான விரல். பயிற்சி முடியும்வரை அதைப் பற்றித்தான் பேச்சு.

வாய்க்கால் நகம் ஒன்றுதான் இருந்தது. என்னுடையது.

முனுசாமி கையை எடுக்காமல் அப்படியே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "நான்தான் சார் எத்து என் ஃபோல்டர்ல போட்டுகினேன். என் சம்சாரம் எட்டு மாசம். இந்த நேரத்துல ஒடிசாக்குப் போவச் சொன்னா இன்னா சார் பண்ணுவேன்?" என்று அழுதான். ஏசி வாளியில் தண்ணீர் சொட்டிற்று.

மேடம் ஒரு காகிதத்தை அவன் முன்னால் நகர்த்தினார். "இப்ப சொன்னியள்ளா, அதை எழுதிக் குடுங்கண்ணே. பொறவு நாளைக்கு ஒரு நாள் தாரேன். நீங்களே போயி, நீங்களே அளந்து, வேற பதினோரு இடம் கொண்டுட்டு வாங்க." ஆடிட்டரிடம் திரும்பி, "விதியில மறுவாய்ப்பு ஒண்ணு உண்டு சார். பக்கத்தைக் காட்டட்டுமா?" என்றார். ஆடிட்டர் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் முனுசாமி ஓடினான். டேப்பின் மறுமுனையை நான்தான் பிடித்தேன். அன்றைக்கு முழுக்க அவனோடு பேசக்கூடாது என்று இருந்தேன், காலை எட்டரைக்கெல்லாம் பேசிவிட்டேன். அவன் கொண்டுவந்த பதினோரு படத்திலும் எண் தெளிவாக இருந்தது. பதினோரு படத்திலும் ஓரத்தில் அந்தச் செவலை நாயும் இருந்தது, மடங்கின காதோடு. பிஸ்கட்டுக்காகக் கூடவே சுற்றியிருக்கிறது. மேடம் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீங்கதான் எடுத்தியன்னு நாய் சாட்சி இருக்கு. ஏத்துக்கிடுதேன்."

அதற்கப்புறம் பலகைக்குப் போனார். என் பெயருக்கு நேரே 'பதினேழு வருஷம் (சொன்னது)' என்பது அப்படியே இருந்தது. அதை அழித்துவிட்டு மாற்றி எழுதுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அழிக்கவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார்: 'பதினோரு நாள் (பார்த்தது).'

"பதினேழு வருஷத்தை நான் பாக்கலை, அண்ணாச்சி. தப்பா எடுத்துக்கிடாதிய."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ மேனேஜர்கள் என் தோளில் தட்டி, ஆகா ஓகோ என்றிருக்கிறார்கள், அப்புறம் என் பெயரைக்கூட மறந்திருக்கிறார்கள். இந்தப் பதினோரு நாளை மட்டும் யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது என்று தோன்றியது. "அது எனக்குத் தெரியாது" என்று அவர் சொன்னதன் அர்த்தமும் அப்போதுதான் புரிந்தது. என் முகத்தைப் பார்த்து அவர் எனக்குச் சாதகமாகப் பேசியிருந்தால், முனுசாமியின் முகத்தைப் பார்த்து அவனுக்கும் பேசியிருக்க வேண்டும்.

அவருடைய கடைசி நாளன்று சமோசா வாங்கிவைத்திருந்தோம். குழுவாக ஒரு படம் எடுத்தோம். அவர்தான் எடுத்தார், அதனால் அதில் அவர் இல்லை. அப்போது பேச்சுவாக்கில் யாரோ ஹெல்மெட் அவருக்குப் பெரிதாக இருப்பதைக் கிண்டல் செய்ய, "அதெல்லாம் இல்லை, நான் அஞ்சடி இருக்கேன்" என்றார்.

முனுசாமி சமோசாவைக் கீழே வைத்தான். "ஆதாரம்?"

கன்டெய்னரே அதிர்ந்தது. ஐந்து வாரமாக இந்த ஒரு வாய்ப்புக்காகத் தவம் கிடந்தவர்கள்போல இருபது பேரும் மேசையைத் தட்டினார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. மறுத்தால் அவர் அவராக இருக்க முடியாது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, செருப்பையும் கழற்றிவிட்டு, பலகைச் சுவரோரம் நிமிர்ந்து நின்றார். முனுசாமி மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து அவர் தலைமேல் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தான். நான் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தரையிலிருந்து டேப்பை இழுத்துப் பிடித்தேன். வேறொருவர் என் ஃபோனில் படமெடுத்தார்.

எல்லோரும் படத்தைப் பார்க்க ஓடி வந்தார்கள். அவருடைய உச்சந்தலை இருக்கிறது. ரெண்டு ஹேர்பின் இருக்கிறது. ரசமட்டத்தின் குமிழி சரியாக நடுவில் இருக்கிறது. டேப் இருக்கிறது. எண்ணின்மேல் என் கட்டை விரல் இருக்கிறது.

தெரியாமல்தான் போய் உட்கார்ந்தது. நம்புங்கள்.

மேடம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நிராகரிக்கேன், அண்ணாச்சி" என்று சொல்ல வருகிறார், வார்த்தை வரவில்லை. மறுபடி அளக்கலாம் என்று முனுசாமி குதித்தான். அதற்குள் வேன் வந்துவிட்டது. அவரே மார்க்கரை எடுத்துப் பலகையின் அடியில் தன் பெயரை எழுதி, 'அஞ்சடி (சொன்னது)' என்று போட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அடுத்த சைட் இருங்காட்டுக்கோட்டை என்றார்கள். அப்புறம் எங்கே போனார் என்று தெரியாது.

சாமு, நாளைக்கு நீ என்னிடம் வந்து, அப்படி ஒரு மேடமே கிடையாது, அப்பா கதை விடுகிறார் என்று சொல்லக்கூடும். அந்தப் படம் என் ஃபோனில் இருக்கிறது. வந்து பார். ரெண்டு ஹேர்பின்னுக்குக் கீழே இருப்பவர் அவர்தான்.

இன்னொன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இது உங்கம்மாவுக்கும் தெரியாது.

அன்றைக்கு எல்லோரும் போனபிறகு கன்டெய்னரைப் பூட்ட நான்தான் இருந்தேன். ஏசியை நிறுத்தினேன். நாயை வெளியே அனுப்பினேன். கதவுவரை போனவன் திரும்பி வந்தேன். சுவரில் அந்தப் பென்சில் கோடு இருந்தது. அளவு டேப்பைத் தரையிலிருந்து இழுத்து, கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் சுவரில் ஒட்டினேன். விரலை எடுத்துவிட்டு, நன்றாகக் குனிந்து எண்ணைப் படித்தேன்.

பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அடியில் அவர் கையெழுத்தில் 'அஞ்சடி (சொன்னது)' என்று இருந்தது. அது அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

டேப்பைப் பிரித்துச் சுருட்டிப் பையில் போட்டேன். கட்டை விரலை எச்சிலில் தொட்டு, அந்தக் கோட்டை அழித்துவிட்டு, கதவைப் பூட்டினேன்.